உடல் வெப்பம் வேறு, அண்மை அகச்சிவப்பு வேறு
நானோதுகள்கள் கலந்த கான்டாக்ட் லென்ஸை அணிந்தால் இருட்டில் மனிதர்களின் உடல் வெப்பத்தையே காணலாம் என்று ஒரு கட்டுரை சொல்வது இயற்பியலுக்குப் பொருந்தவில்லை. 2025இல் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவினர் வெளியிட்ட அந்த லென்ஸ் 800 முதல் 1600 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளிக்கானது, அதாவது சிவப்புக்குச் சற்று அப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கானது; அதை லென்ஸின் நானோதுகள்கள் காணும் ஒளியாக மாற்றுகின்றன. நம் உடலோ 10 மைக்ரோமீட்டரை (10,000 நானோமீட்டர்) ஒட்டிய அலைநீளங்களில்தான் அதிகம் கதிர்வீசுகிறது. நானோதுகள்களில் உள்ள, 980 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் இட்டெர்பியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற உலோக அணுக்கள்) அந்த ஆற்றலை எர்பியம் அயனி ஒன்றுக்கு இருமுறை கைமாற்றினாலே பச்சை ஒளி பிறந்துவிடும்; உடல் வெப்பத்திலிருந்து அதே பச்சையைப் பெற ஏறத்தாழ 20 ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) ஆற்றலை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும், அதற்குள் முதலில் சேர்ந்த ஆற்றல் நானோதுகளின் படிக அதிர்வாகக் கரைந்துவிடும். ஆய்வில் பங்கேற்றவர்கள் கண்டதும் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்கின் மினுக்கலைத்தான் (மூடிய இமை வழியாகவும் அது தெரிந்தது என்பது உண்மையிலேயே வியப்புக்குரியது), எதிரே இருளில் நிற்கும் ஆளை அல்ல. செல்பேசிக் கேமராவில் டிவி ரிமோட்டின் ஒளி தெரிவதை அந்தக் கட்டுரையின் கருத்துக்கு வாசகர் ஒருவர் சான்றாகக் காட்டியுள்ளார். அங்கே அகச்சிவப்பு ஒளி காணும் ஒளியாக மாற்றப்படுவதே இல்லை, சிலிக்கான் உணரி அதை நேரடியாகவே உணர்ந்து திரையில் ஒரு புள்ளியாகக் காட்டுகிறது.