இன்னும் ரெண்டாயிரம் போட்டா…

மகள் பாடம் பார்க்க, நான் படம் பார்க்க ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட். அவ்வளவுதான் கேட்டேன். மூன்று வாரமாகத் தூக்கம் போச்சு.

12,000 ரூபாய்க்கு ஒன்று: 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். அதில் சிஸ்டமே ஒரு பங்கைத் தின்றுவிடும். கூடவே யாருமே கேட்காத நாலு கேம். வைட்வைன் எல்1 (படத்தைத் திருட்டு நகல் எடுக்காமல் காக்கும் பூட்டு) சான்று இல்லையென்றால் ஓடிடி படம் பெரும்பாலும் மங்கலான 480பி-யில்தான் ஓடும். கதாநாயகன் யார், வில்லன் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

சரி, 70,000-க்குப் போவோம். வழுக்கிக்கொண்டு நகரும் 120 ஹெர்ட்ஸ் திரை, பளிச்சென்ற அமோலெட், எல்லாம் உண்டு. ஆனால் கீபோர்டு தனி, கவர் தனி, சார்ஜர்கூடத் தனி. பெட்டிக்குள் டேப்லெட் வைத்ததே பெரிய மனசு! அதைக் குழந்தை கையில் கொடுக்க நான் என்ன ஜமீன்தாரா?

கடைக்காரத் தம்பி சொல்கிறார்: “இன்னும் ரெண்டாயிரம் போட்டா நல்லதா வரும் சார்.” அந்த ரெண்டாயிரத்தைப் போட்டுப் போட்டுத்தானே தம்பி எழுபதாயிரத்தில் வந்து நிற்கிறேன்?