"அஞ்சு கிலோமீட்டர்தான்டா"ன்னு சொன்னவனே!

மலைப்பாதையைப் பத்திப் பேசும்போது தூரத்தை மட்டும் சொல்லிட்டு ஏத்தத்தை முழுங்கிடற ஆளுங்க மேல எனக்கு இருக்கிற கோவத்தை இன்னிக்குக் கொட்டித் தீர்த்துடறேன். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டுல மாடிப்படி இறங்கி வந்து உட்கார்ந்து எழுதறேன். மரியாதை கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும்.

"ஒரு பக்கம் அஞ்சு கிலோமீட்டர்தான்டா. மேல பள்ளத்தாக்கு பூராவும் காட்டுப்பூ. ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ஒன்றரை." இவ்வளவுதான் கூட வந்த என் ஃப்ரெண்டு சொன்னது. ஏத்தம் 900 மீட்டர்ங்கிற விஷயம் அடிவாரப் பலகையில இருந்துச்சு. நான் அதைப் படிச்சது பையை மாட்டி, ஷூ கயிறெல்லாம் கட்டி முடிச்ச பிறகு. மாடிக்கு மூணு மீட்டர்னு வெச்சா முன்னூறு மாடி சாமி! லிஃப்ட் ஒரு நாள் ஓடலைன்னா ஊரைக் கூட்டுற ஆளு இவன்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமா? நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892-லேயே கணக்குப் போட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டார். சுமாரா 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அது போக ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்குல எங்க பாதைக்கு ரெண்டரை மணி நேரம். அதுவும் தெம்பான ஆளு எங்கேயும் உட்காராம நடந்தா. நாங்க நாலு மணி நேரம் எடுத்துக்கிட்டோம்.

ஒரு மணி நேர நடைதானேன்னு நம்பி பத்து மணிக்குக் கிளம்பினோம். தலைக்கு ஒரு லிட்டர் தண்ணி. மூணாவது கொண்டை ஊசி வளைவுலேயே பாதி காலி.

அப்புறம் அந்தக் காத்திருக்கிற நாடகம் இருக்கே, அதுதான் எனக்கு உச்சக்கட்ட எரிச்சல். இவன் விறுவிறுன்னு முன்னாடி ஏறிப் போய், வளைவுல ஒரு பாறை மேல கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருப்பான். நாம நுரை தள்ள அந்தப் பாறையைத் தொடுற நொடியில எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கிட்டு, "சரி, போலாமா?" டேய், பத்து நிமிஷம் ஓய்வெடுத்தது நீ. எனக்கு எங்கடா ஓய்வு? இதே கூத்து எட்டு வளைவுலயும். எதிர்ல இறங்கி வர்றவங்களும் இவனுக்குக் கூட்டுக் களவாணிங்க. "இன்னும் கொஞ்ச தூரம்தான் ப்ரோ"ன்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனார். அதுக்கப்புறம் ஒண்ணேகால் மணி நேரம் ஏறினோம்.

போய்ச் சேர்ந்தோமா, சேர்ந்தோம். பூ இருந்துச்சா, இருந்துச்சு. அதுல பொய் இல்ல, அதான் வயித்தெரிச்சலே. வெயில் அதிகம் படாம பனி லேட்டா உருகுற பள்ளத்தாக்கு. கீழே காய்ஞ்சு போன பூவெல்லாம் அங்கே அப்போதான் மலர்ந்திருந்துச்சு. ஊதா லூபின் பூ, விரிச்ச உள்ளங்கை மாதிரி இலை, அதோட நடுக்குழியில ஒரே ஒரு தண்ணிச் சொட்டு. பக்கத்துலயே செக்கச்செவேல்னு பெயின்ட்பிரஷ்ங்கிற காட்டுப்பூ. அந்தச் சிவப்பு இதழே இல்ல, பூவுக்கு அடியில இருக்கிற இலை மாதிரிச் செதில்தான் அப்படி நிறம் மாறி நிக்குது. போதாக்குறைக்கு வேரை அடுத்த செடியோட வேர்ல செருகிச் சத்து உறிஞ்சற ஜாதி. பாதி நாள் அங்கேயே குத்தவெச்சுப் பார்க்கலாம்.

எனக்குக் கிடைச்சது பதினஞ்சு நிமிஷம்.

ஏன்னா அப்போ மணி ரெண்டு. கோடைக்கால மலையில சரிவு சூடாகி, காத்து மேல கிளம்பி, மத்தியானத்துக்கு மேல இடிமேகம் கட்டுறது அடிக்கடி நடக்கிறதுதான். குறுகலான பள்ளத்தாக்குல நின்னுக்கிட்டு, "தலைக்கு மேல வெளுப்பாதானே இருக்கு"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. எங்கேயோ மேல பெஞ்ச மழை கீழே வெள்ளமா வந்து நிக்கும். மேற்கே கறுக்க ஆரம்பிச்சதும் இறங்கிட்டோம். விடிகாலையில கிளம்பியிருந்தா நிதானமாப் பார்த்துட்டு வந்திருக்கலாம். விடிகாலையில கிளம்பணும்னா எவ்வளவு நேரம் ஆகும்னு முன்னாடியே தெரியணுமில்ல?

இறங்கும்போது இவன் இன்னொரு முத்து உதிர்த்தான்: "ஏறுறதுதான் கஷ்டம், இறங்குறது ஜாலி." ஜாலியா? உருண்டைச் சரளை மேல ஒவ்வொரு அடியும் பிரேக் போட்டுப் போட்டு, கட்டைவிரல் நகம் ஷூ முனையில முட்டி முட்டி, முட்டி ரெண்டும் தந்தியடிக்குது. தொடைத்தசை நீண்டுக்கிட்டே எடையைத் தாங்கற வேலை அது. அந்த வலி அன்னிக்கே முழுசா தெரியாது. அடுத்த நாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். நண்டு நடைக்குக் காரணம் இப்போ புரிஞ்சிருக்கும்.

நேத்து ராத்திரி குரூப்ல மெசேஜ் போட்டிருக்கான். "அடுத்த வாரம் இன்னொண்ணு இருக்கு மச்சி, ஏழு கிலோமீட்டர்தான்."

"ஏத்தம் எத்தனை மீட்டர்?"னு கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாது, வியூ செமயா இருக்கும்."