ராசிபலன் தாளில் ஒரு தையல்

போன அக்டோபரில் ஒரு துணிக்கலைச் சவாலில் சேர்ந்தேன். 30 நாள், 30 சின்னத் துண்டுகள். துணி, காகிதம், சாயம், நூல், எதையும் எதோடும் கலக்கலாம். தினம் ஒரு சொல் கொடுப்பார்கள், அதை வைத்துச் செய்ய வேண்டும். இரண்டாம் நாள் சொல் 'பூசணி விளக்கு', வெளிநாட்டில் ஹாலோவீனுக்கு வைப்பார்களே, அது. ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணியில் வண்டி சறுக்கி எங்கள் தெருவில் இரண்டு பேர் விழுந்திருந்த வாரம் அது. நான்காம் நாள் 'மேப்பிள் இலை'. திருச்சியில் பிறந்து வளர்ந்த நான் மேப்பிள் இலையைக் கனடா கொடியில்தான் பார்த்திருக்கிறேன்.

சொல்லைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு சாமான் பட்டியல் வந்தது பாருங்கள். சாயம் பிடிக்க முதலில் பூசும் ஜெஸோ, அச்செடுக்க ஜெல் தட்டு, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்தாள், நாலு வகை அக்ரிலிக் மீடியம். கூட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டின் இரண்டு மாதப் பால் கணக்கு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் கட்டும் பக்கத்தில் நின்றுவிட்டேன். இன்னும் ஒரு தையல்கூடப் போடவில்லை, அதற்குள் ஒரு கடை வைக்கும் அளவுக்குச் சாமான்!

சவால்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 2009இல் ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர், மையில் வரையும் தன் கை திருந்த வேண்டும் என்று அக்டோபர் முழுக்கத் தினம் ஒன்று வரைந்தார். அதுதான் இங்க்டோபர். அவருக்குத் தேவைப்பட்டது மையும் தாளும். அப்புறம் எப்போதோ சவால் என்றாலே வாங்க வேண்டியவற்றின் பட்டியல் என்று ஆகிவிட்டது. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவளுக்கு 15 புள்ளி 8 வரிசை என்பதே போதுமான நெருக்கடி. அந்தப் புள்ளிக்குள்தான் எல்லா வித்தையும் காட்டியாக வேண்டும். எனக்கு அப்படி ஒரு புள்ளிக் கணக்குத்தான் தேவைப்பட்டது.

அது சமையலறைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தினசரி காலண்டர். தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் பொடி எழுத்தில் ஒவ்வொரு சொல் போட்டிருப்பார்கள். வரவு, அலைச்சல், பகை, சுகம், மறதி, போட்டி. நான் விருச்சிகம். அன்றைக்கு விருச்சிகத்துக்கு என்ன சொல்லோ அதுதான் எனக்கும். கிழித்த தாள் அந்தத் துண்டில் எங்காவது இருக்க வேண்டும். தாளின் அளவைத் தாண்டக் கூடாது. கடைக்குப் போகக் கூடாது. ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு ஒரு மணி நேரம்.

துணிக்குப் பஞ்சமில்லை. தெருமுனைத் தையல்கடை அண்ணனிடம் பிளவுஸ் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டேன். "மூட்டையா எடுத்துட்டுப் போங்கக்கா, குப்பை வண்டிக்காரர் திட்டுறார்" என்றார். பட்டு, லைனிங், ஜரிகை ஓரம் எல்லாம் கலந்த அரை மூட்டை. வண்டி துடைக்க வைத்திருந்த திருப்பூர் பனியன் வேஸ்ட் கொஞ்சம். அப்பாவின் பழைய வேட்டி ஒன்று. பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள். இதைத்தான் இங்கிலீஷில் மிக்ஸட் மீடியா என்கிறார்கள். எங்கள் அம்மா வைத்த பெயர் வேறு, இங்கே எழுத முடியாது.

முதல் வாரம் படுதோல்வி. 'வரவு' என்ற சொல்லுக்கு ஜரிகையில் வட்டமாக நாணயம் வெட்டி ஒட்டினேன். பள்ளிக்கூடப் பொருட்காட்சி மாதிரி இருந்தது. காலண்டர் தாளில் பொடித் தையல் போட்டால், ஸ்டாம்பு ஓரம் போல ஓட்டை ஓட்டையாகிக் கிழிந்தது. வெள்ளைப் பசையால் வேட்டித் துணியில் ஒட்டிவிட்டுத் தைத்துப் பார்த்தேன். காய்ந்ததும் அது பிளாஸ்டிக் போல இறுகி, ஊசியை இழுக்கக் குறடு தேவைப்பட்டது. மைதா பசைக்கு மாறினேன். ஐப்பசி மழை ஈரத்தில் மூன்றே நாளில் பூஞ்சை பூத்தது, மிச்சத்தைக் கரப்பான் பார்த்துக்கொண்டது. கடைசியில் பசையே வேண்டாம் என்று தாளை இரண்டு துணிக்கு நடுவில் வைத்து, நீளநீளமாக நூலோட்டி நிறுத்தினேன். மேல்துணி மெல்லிய லைனிங். அதன் வழியே தேதியும் ராகுகாலமும் மங்கலாகத் தெரிந்தன. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பசை காலை வாரியதால் வந்தது. ஜெஸோ வாங்கியிருந்தால் இந்த இடத்துக்கு வந்தே இருக்க மாட்டேன்.

'பகை' என்று வந்த நாள் மஞ்சளில் துணி தோய்த்தேன். பளிச்சென்று வந்தது. ஓரத்தில் மட்டும் சோப்பு பட்டுச் சிவந்துவிட்டது. ஐயோ என்று அலசப் போனவள் நிறுத்திவிட்டேன். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதே வேலைதான். மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும். பிறகு தூரிகையைச் சுண்ணாம்புத் தெளிவில் தொட்டு வேண்டுமென்றே வரைந்தேன். (மஞ்சள் சாயம் வெயிலில் நிற்காது. ஜன்னலோரம் மாட்டியது இப்போது வெளுத்துப் போய் நிற்கிறது. யாரும் இதை நம்பிப் புடவையில் இறங்க வேண்டாம்.)

நான் சொக்கிப்போனது கறுப்பில்தான். துணியில் பேனா மாதிரிக் குச்சியால் சாயம் தொட்டு வரைகிற காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்பையும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து அந்தத் தண்ணீரால் கோடு இழுப்பார்கள். நானும் ஒரு ஊறுகாய் பாட்டிலில் பழைய ஆணிகளையும் வெல்லத்தையும் போட்டு மாடிப்படியில் வைத்தேன். இரண்டாம் வாரம் வந்த புளித்த வாடையில் மேல்வீட்டுக்காரர் சாக்கடை அடைத்திருக்கிறதா என்று விசாரித்தார். கடுக்காய்ப் பொடிக் கரைசலில் நனைத்துக் காயவைத்த வேட்டித் துணி லேசான மஞ்சளாக இருந்தது. பாட்டில் தண்ணீரும் வெறும் பழுப்புதான். தொட்டு ஒரு கோடு இழுத்தேன். கண்ணெதிரே கறுத்தது! கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வரும் கறுப்பு அது. அந்த ராத்திரி தூங்கவில்லை.

ஆனால் கோடு நிற்காமல் கசிந்து மயிர்க்கால் விட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. அவர்கள் கடுக்காயோடு பாலையும் சேர்த்து அதில் துணியை நனைப்பார்கள். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாது. நான் பாலை மிச்சம் பிடித்துவிட்டேன். நம் தமிழ்நாட்டுக் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு 'நல்லது' என்று தள்ளிவிட்டுப் போனவள்தான் நான். ஒரு கோடு கசிந்த பிறகுதான் அந்தக் கைகள் மேல் உண்மையான மரியாதை வந்தது. தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பைத் துணியை இப்போதெல்லாம் கழுத்து வலிக்க நின்று பார்க்கிறேன், எந்தத் துணியை எதன் மேல் வைத்து வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பக்கம் 'சித்தி' எனப்படும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் 'கவந்தி' என்று ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முடிக்கும்போது நாலு மூலையிலும் மடித்த துண்டுகளால் 'பூ' வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அம்மணமாக இருப்பதாகச் சொல்வார்களாம். 'போட்டி' என்று வந்த நாள் அப்படித் தைத்துப் பார்த்தேன். எப்போதும் நடுவில் ஒரு உருவத்தை வைத்துவிட்டு மீதியை நிரப்புகிற ஆள் நான். ஓரத்திலிருந்து வந்தால் நடுவில் என்ன மிஞ்சும் என்று தெரியவே தெரியாது. எனக்கு ஒரு கோணல் முக்கோணம் மிஞ்சியது, அதில் சிவப்பு பனியன் துணியை அடைத்தேன்.

அதற்குள் அலுவலகத்தில் தணிக்கை வந்தது. ஒன்பது நாள் ஊசியைத் தொடவில்லை. சவாலில் ஒரு நாள் விட்டால் தொடர் அறுந்தது என்று குற்ற உணர்ச்சி காட்டுகிறார்களே, அதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. வேலைக்குப் போய், சமைத்து, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகிற ஒருத்திக்குத் தொடர் அறுந்துதான் தீரும். பத்தாம் நாள் ஒன்பது தாளையும் அடுக்கி, எதையும் ஒட்டாமல் வரையாமல், நடுவில் ஒரே ஒரு முடிச்சுப் போட்டேன். மொத்தத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

படம் போட்டதும் "சூப்பர் சிஸ், என்ன ரேட்?" என்று ஏழு பேர் உள்பெட்டிக்கு வந்தார்கள். விற்கவில்லை. பூஞ்சை பிடித்ததை யார் வாங்குவார்கள்? அம்மாவின் புகார் வேறு. "சாமி படம் போட்ட தாளைப் போய் ஊசியால குத்துறியேடி." அதனால் சாமி இருக்கும் பகுதியை மட்டும் தைக்காமல் விடுகிறேன். அதுவும் ஒரு விதியாகிவிட்டது. அந்த வெற்றிடத்தைச் சுற்றித் தைக்க வேண்டியிருப்பதால் துண்டுகள் இன்னும் நன்றாகவே வருகின்றன, இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த சுற்றுத் தை ஒன்றாம் தேதி. புதுக் காலண்டர். சேர விரும்புகிறவர்கள் கமெண்டில் ராசியைச் சொல்லுங்கள், போதும். கடைக்குப் போகக் கூடாது என்ற விதிக்கு ஒரே விலக்கு நாட்டு மருந்துக் கடைக் கடுக்காய். ஆணி ஊறும் பாட்டிலை மட்டும் வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள்.