லோன் வரலைன்னா அட்வான்ஸ் யாருக்குச் சொந்தம்?

லோனில் கார் வாங்க ஷோரூமுக்குப் போய், வட சென்னையின் வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று முகவரி சொன்னதுமே, அங்கே லோன் ஏற்பாடு செய்யும் ஃபைனான்ஸ் மேசையில் இருப்பவர் முகம் மாறும். நாலு நாள் கழித்து போன் வரும்: "பேங்க்ல ஒத்துக்கலை சார், நெகட்டிவ் ஏரியாவாம்." அதாவது லோன் கொடுக்க வேண்டாம் என்று ஒதுக்கிய பகுதி. இதை யாரும் எழுதித் தரமாட்டார்கள். கேன்சலேஷன் சார்ஜ் மட்டும் புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

லோன் நாங்களே முடித்துத் தருகிறோம் என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிய டீலர், லோன் வராதபோது அதில் ஒரு ரூபாய்கூடப் பிடிப்பது நியாயமில்லை. வாங்குபவர் மனசு மாறி வண்டி வேண்டாம் என்றால் அது தனிக் கதை.

ஆனால் நியாயம் நம் பக்கம் இருந்தால் போதாது, தாளும் வேண்டும். கையெழுத்துப் போடும் முன் படிவத்திலேயே பேனாவால் ஒரு வரி எழுதுங்கள்: "வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் 7 நாளில் திருப்பித் தரப்படும்." பக்கத்தில் மேனேஜர் கையெழுத்து, ஷோரூம் சீல். சேல்ஸ் பையன் வாட்ஸ்அப்பில் போடும் "ஓகே சார்" அதற்கு ஈடாகாது. பணமும் நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும், அந்தப் பையனின் ஜிபே-க்கு வேண்டாம்.

'ப்ரீ-அப்ரூவ்டு' என்று வரும் மெசேஜை நம்பி எதையும் செய்யாதீர்கள். வீட்டுக்கு ஆள் வந்து விசாரித்து, சாங்ஷன் லெட்டர் கைக்கு வந்து, வண்டியைக் கொடுக்கலாம் என்று வங்கி தரும் டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) டீலருக்குப் போனால்தான் லோன். அதுவரை இன்வாய்ஸ் போடவோ ரோடு டாக்ஸ் கட்டவோ விடாதீர்கள். 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம். 8 லட்ச ரூபாய் வண்டி என்றால் 1,04,000. கட்டிவிட்டுத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எக்ஸ்சேஞ்சுக்கு வைத்திருக்கும் பழைய வண்டியும் அதுவரை உங்கள் வாசலிலேயே நிற்கட்டும். வண்டியைப் பெயர் மாற்றும் படிவம் 29, 30-இல் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், லோன் இல்லை என்று தெரியும்போது வண்டி வேறொருவர் பெயருக்கு மாறியிருக்கும்.

அடுத்த பொறி இதைவிட நைசானது. "பேங்க் போனா போகுது சார், வேற ஃபைனான்ஸ்ல போட்டுடலாம், இ.எம்.ஐ. இன்னும் கம்மி." 7 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதம் சுமார் 14,530. அதே 7 லட்சம் 13 சதவீதத்தில் 7 வருடம் என்றால் சுமார் 12,735. மாதத்துக்கு 1,800 குறைகிறது, மொத்தத்தில் ஏறக்குறைய 2 லட்சம் கூடுதலாகப் போகிறது. லோனின் முக்கிய விவரங்கள் அடங்கிய கே.எஃப்.எஸ். என்ற தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் அதைத் தருவது கட்டாயம். அதில் ஏ.பி.ஆர். என்ற எண்ணை, அதாவது வட்டியோடு கட்டணங்களும் சேர்ந்த வருடாந்திர விகிதத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

வங்கி மறுத்தால் காரணத்தை மெயிலில் கேளுங்கள். எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஏரியாதான் காரணம் என்று எழுத அவர்களுக்குக் கை வராது. பல நேரம் நிஜக் காரணம் வேறாகவும் இருக்கும்: வருமான வரிக் கணக்கு இல்லை, அல்லது ஃபைனான்ஸ் மேசையில் இருந்தவர் ஒரே வாரத்தில் ஐந்து இடத்துக்கு ஃபைல் அனுப்ப, ஐந்து விசாரணையும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது. அந்த ரிப்போர்ட் வருடம் ஒருமுறை இலவசம். தப்பு இருந்து புகார் கொடுத்து, 30 நாளில் திருத்தவில்லை என்றால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

பணம் வரவில்லையா? முதலில் டீலருக்குப் பதிவுத் தபால், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கி மீதான புகார் என்றால் அவர்களுக்கு 30 நாள் கொடுத்துவிட்டு ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (குறைதீர் அதிகாரி). டீலர் அந்த வரம்புக்குள் வரமாட்டார், அவருக்கு நுகர்வோர் ஆணையம்தான். ஷோரூம் அண்ணா சாலையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் வட சென்னை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2 வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. கார் விலை எவ்வளவு என்பது இங்கே கணக்கில்லை. மனுவில் 'சேவைக் குறைபாடு' என்று எழுதிப் பணத்தைக் கேளுங்கள். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அந்தப் பொடி எழுத்து நிபந்தனையையே ரத்து செய்யக் கேட்டால், அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய வழக்கு.