வந்தானா, வந்தாளா, வந்துதா

போன ஞாயிறு நாகர்கோவிலில் எங்கள் வாசகர் கூட்டம். மாதம் ஒரு நாவல் என்று வைத்துப் பேசுகிறோம், வழக்கமாக 8 பேர் வருவார்கள், அதில் 3 பேர் படித்திருப்பார்கள். இந்தத் தடவை 15 பேர், அத்தனை பேரும் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டு வந்திருந்தார்கள். ரசவடை ஆறி அவலாகப் போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இது விமர்சனம் இல்லை, படித்தவர்கள் பேசினதைப் பற்றின பதிவு. பெயரைப் போட்டால் எழுத்தாளரின் சாதி என்ன, எந்தப் பதிப்பகத்தோடு சண்டை என்று வண்டி வேறு பக்கம் ஓடிவிடும். கதை இவ்வளவுதான்: பெயர் சொல்லாத ஒரு மலையூர். 17 வயது. ஆண்பிள்ளை என்று வளர்த்த ஒரு பிள்ளை அக்காளின் தாவணியோடு கண்ணாடி முன்னால் பிடிபடுகிறது, அப்பா கை நீட்டுகிறார், அன்றைக்கு ராத்திரியே மரத்தடி ஏற்றின லாரியில் ஊரைவிட்டுப் போகிறது. அப்புறம் லாட்ஜில் படுக்கை விரிக்கும் வேலை, மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுவது, ஆட்டக்கோஷ்டி, போலீஸ் அடி, ஒரு சாமியாரிடம் மாட்டித் தப்பிப்பது. கதை சொல்வது முழுக்க ‘நான்’.

அந்த ‘நான்’தான் எல்லா வம்புக்கும் காரணம். தமிழில் ‘நான் வந்தேன்’ என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று வினைச்சொல்லுக்குத் தெரியாது. ‘நீ வந்தாய்’ என்றாலும் தெரியாது. ஆள் அந்தப் பக்கம் போனபிறகு, நாம் அந்த ஆளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போதுதான் ஆன், ஆள் என்று ஒரு வாலை ஒட்டியாக வேண்டும். எழுத்தாளர் 300 சொச்சம் பக்கத்தை அந்த வால் ஒட்டாமலே ஓட்டிவிட்டார், மற்ற பாத்திரங்கள் கூப்பிடுவதெல்லாம் வசைப்பெயர்கள், அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. நாங்களோ வாயைத் திறந்த நிமிஷமே மாட்டிக்கொண்டோம்.

முதலில் பேசினது ஓய்வு பெற்ற வங்கி அண்ணாச்சி. “அவன் அம்மைக்கு ஒரு கடிதாசி போடாம இருந்தது எனக்குப் பிடிக்கல்ல டே” என்றார். உடனே கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், “அவ ஏன் மாமா போடணும்? அடிக்கும்போ அம்மை வாசல்லதானே நின்னா?” என்றாள். அப்புறம் அரை மணி நேரம் நாவலே கிடையாது, அவனும் அவளும்தான். நான் குறித்துக்கொண்டே இருந்தேன். அவன் என்றவர்கள் அநேகமாக அந்தப் பிள்ளை செய்த தப்புகளைப் பேசினார்கள், திருட்டு, பொய், அம்மையை மறந்தது. அவள் என்றவர்கள் அதற்கு நடந்த கொடுமைகளைப் பேசினார்கள். எல்லார் கையிலும் இருந்தது ஒரே புத்தகம். ஒருத்தர் மட்டும் அடி வாங்குகிற இடத்தில் அவள் என்றும், லாரி டிரைவரின் பர்ஸைத் தூக்குகிற இடத்தில் அவன் என்றும் மாறி மாறிச் சொன்னார், அவருக்கே தெரியாமல்.

வெடித்தது ‘அது’வில். ஒரு தம்பி சாதாரணமாக, “அது லாட்ஜுல இருந்து ஓடிப்போச்சுல்லா” என்றான். அந்தப் பெண் எழுந்தே விட்டாள். ஆளா, ஆடா மாடா என்று கேட்டாள். நியாயமான கோபம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், தக்கலையிலிருந்து வருகிற ரிட்டயர்டு டீச்சர் காலையிலிருந்தே “அந்தப் பிள்ளை என்ன பாடு பட்டுது பாத்தியளா” என்றுதான் பேசிக்கொண்டிருந்தார், அதுவும் அஃறிணைதான், ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. எங்கள் பக்கம் செல்லமாக வளர்க்கிற பிள்ளை எதுவும் ‘வந்துது, போச்சு’தான். ஒரே வாலில் ஒருத்தர் தடவிக் கொடுக்கிறார், இன்னொருத்தர் மிதிக்கிறார்.

அந்த நேரம் பார்த்து மார்த்தாண்டத்துத் தமிழ் வாத்தியார் தொல்காப்பியத்தை எடுத்தார். அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேறின நூல், அந்த அதங்கோடு எங்கள் பக்கத்து ஊர்தான் என்பது குமரி மாவட்டத்துக்காரன் சாகிற வரைக்கும் விடாத பெருமை, அதனால் யாரும் குறுக்கே பேசவில்லை. சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்திலேயே இந்தப் பிரச்சினை வந்துவிடுகிறதாம். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கிற சொல்லுக்குத் தனியாக ஈறு கிடையாது, உயர்திணையில் இருக்கிற ஈற்றை வாங்கித்தான் நிற்கும். தெய்வத்தைக் குறிக்கிற சொல்லுக்கும் அதே கதிதான். இரண்டையும் ஒரே நூற்பாவில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார் தொல்காப்பியர். அதைவிடப் பிற்கால இலக்கணமான நன்னூல் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால், இரண்டும் ‘அஃறிணை அன்னவும் ஆகும்’, அதாவது அஃறிணை போலவும் வரும் என்கிறார் அதை எழுதின பவணந்தி. உடம்பைப் பார்க்கச் சொல்லவில்லை, எதை விட்டு எதை விரும்புகிறது என்று பார்க்கச் சொல்கிறார். வக்கீல் நண்பர் உடனே 2014 ஏப்ரல் 15 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதைத்தானே சொல்லிற்று என்றார்: எந்தப் பாலினம் என்பதை அவரவரே சொல்லலாம், அதற்கு அறுவை சிகிச்சை கட்டாயமில்லை.

இதைப் படித்துவிட்டு ‘அன்றே சொன்னான் தமிழன்’ என்று யாரும் பார்வர்டு அடிக்க வேண்டாம். கடைசி வரியில் பவணந்தி அஃறிணையையும் சேர்த்தேதான் சொல்லியிருக்கிறார். தவிர, இலக்கணக்காரருக்குக் கவலை சொல்லின் கடைசியில், அந்த ஆளுக்கு வீட்டில் சோறு போட்டார்களா என்பது நூற்பாவில் வராது.

யாரோ ஒருத்தர், “அப்ப இது திருநங்கை நாவல்தானே, அவர்னு சொல்லிட்டுப் போயிரலாமே” என்று சமாதானத்துக்கு வந்தார். 2008-இல் திருநங்கைகளுக்கான நல வாரியம் வந்த காலத்தில் அந்தச் சொல் பரவி, வாயில் வைக்கக் கூசுகிற எத்தனையோ சொற்களைத் துரத்தியது, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கதையில் அந்தப் பிள்ளை ஓரிடத்திலும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. தாவணி பிடிக்கும், மீசையும் பிடிக்கும், அவ்வளவுதான் சொல்கிறது. நாம் எதற்கு முந்திக்கொண்டு அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும்?

எனக்கு உண்மையான எரிச்சல் ‘பாவம்’ என்ற வார்த்தையில். எண்ணினேன், 15 பேரில் 11 பேர் சொன்னார்கள். ஒரு பையன் வீட்டைவிட்டு ஓடிக் கப்பல் ஏறி, திருடி, அடி வாங்கி, ஊர் ஊராகச் சுற்றினால் அதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் சாகசம். இந்தப் பிள்ளை லாரி ஏறினால் மட்டும் பாவமா? மீன் ஏலக்கூடத்தில் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்து முதலாளியையும் தரகனையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுகிற அத்தியாயத்தில் நான் பஸ்ஸில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் அந்த அத்தியாயத்தை ஒருத்தரும் தொடவில்லை. அழுவதற்குத் தயாராக வந்தவர்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை போல.

‘உண்மைக் கதையா?’ என்றும் கேட்டார்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பேசாமலே இருந்த அகஸ்தீஸ்வரம் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர் கடைசியில், சின்ன வயதில் சுடலைமாடன் கோயில் கொடைக்குப் பார்த்த கணியான் கூத்தைச் சொன்னார். மகுடம் என்கிற தோல்வாத்தியத்தை அடிக்க அடிக்க, சேலை கட்டி ஆடுகிற ஆணைப் பார்த்து விடிய விடிய “என்னமா ஆடுதா” என்பார்களாம். காலையில் டீக்கடையில் அதே ஆளிடம், “அண்ணே, சக்கரை போடவா?” ஒருத்தருக்கும் நாக்கு இடறினதில்லை என்றார். டீச்சர் மட்டும் கேட்டார்: “அவரு வீட்டுக்குப் போகும்போது சேலையோட போயிருந்தா?” அண்ணாச்சி பதில் சொல்லவில்லை, ஆறின வடையை எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியன் இல்லை. பள்ளியில் என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. நாங்கள் வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன், நானும் கூப்பிட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஊரிலேயே காணோம். 6 வருஷத்துக்கு முன்னால் வடசேரி பஸ் ஸ்டாண்டில், மஞ்சள் சுடிதாரில், கையில் தையல் மெஷின் பெல்ட் சுருளோடு நின்றதைப் பார்த்தேன். கிட்டே போய்விட்டேன், கூப்பிட வாய் வரவில்லை. ஆம்பிளையைக் கூப்பிடுகிற லே நுனிநாக்கு வரைக்கும் வந்தது, பொம்பிளையைக் கூப்பிடுகிற ஏட்டி என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. “மக்கா, எப்படி இருக்க?” என்றேன். மக்கா என்பதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, பிழைத்தேன். அவள் சிரித்தாள். (அவள் என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.) இப்போது திருவனந்தபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

நாவலை அவளுக்கும் அனுப்பியிருந்தேன். கூட்டம் முடிந்த ராத்திரி போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், அவன், அவள், தொல்காப்பியம், பாவம் எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். “கதை கொள்ளாம்” என்றாள், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். “ஆனா மக்கா, லாரியில ரெண்டு நாள் போகுதுன்னு எழுதியிருக்காரே, அந்தப் பிள்ளை ஒண்ணுக்கு எங்க போச்சுன்னு எழுதலியே. ஆம்பிளை பக்கம் போனா அடி, பொம்பிளை பக்கம் போனா கூச்சல். முதல் தடவ ஊரை விட்டுப் போகும்போ வடசேரியில இருந்து மதுரை வரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்காமத்தான் போனேன்.”

போனை வைத்துவிட்டு அந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். லாரி போகிறது, மழை பெய்கிறது, தடிகளுக்கு மேலே நிலா வருகிறது. டிரைவர் மட்டும் 2 தடவை இறங்கிப் போய்விட்டு வருகிறார்.