வறுமை வேறு, வருமான இடைவெளி வேறு
ஏழைகள் அதிகம் உள்ள இடத்தில்தான் கொலை அதிகம், அதனால் நம்ம குமரி மாவட்டத்தில் குளச்சல் கடற்கரையிலும் குலசேகரம் ரப்பர் தோட்டங்களிலும் கவனம் வேண்டும் என்று மேலே ஒரு கருத்து. அண்ணே, கணக்கு அப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவின் தலா வருமானம் நம்முடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் 2022-ல் அங்கே லட்சம் பேருக்கு 40-க்கும் மேற்பட்ட கொலைகள், இந்தியாவில் 2.1. அங்கே வருமான இடைவெளி உலகின் உச்சத்தில், இடைவெளியை அளக்கும் கினி எண் (0 என்றால் எல்லோருக்கும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவருக்கே) 2014 கணக்கில் 63. (துப்பாக்கிப் புழக்கமும் நிறவெறி ஆட்சி விட்டுப்போன பிளவும் சேர்ந்ததுதான், இடைவெளி மட்டுமே காரணம் என்று நானும் சொல்லவில்லை.) தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 ஆண்டறிக்கையில் கொலை அட்டவணையைத் திறந்து, எண்ணிக்கையை விட்டுவிட்டு விகிதம் என்ற பத்தியைப் பாருங்கள். கினியும் தலா வருமானமும் உலக வங்கித் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.