இவங்களுக்கென்ன கவலை

போன வாரம் மன்னார்குடில நண்பர்களோட ஒக்காந்து ஒரு சிறுகதையப் பத்திப் பேசிட்டிருந்தோம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1933-ல எழுதுன 'தி கில்டட் சிக்ஸ்-பிட்ஸ்'. முடிக்கிற நேரத்துல ஒரு தம்பி "கதை நல்லாத்தாண்ணே இருக்கு, ஆனா பொண்டாட்டி தப்பு பண்ணிட்டா, புருஷன் ஏத்துக்கிட்டான், அவ்ளோதான, இதுல இனம் எங்கண்ணே வருது?"ன்னு கேட்டாரு. அங்க எனக்கு வாய் வரல, பஸ்ல திருத்துறைப்பூண்டி வர்ற வரைக்கும் அதே நெனப்பு.

படிக்காதவங்களுக்காக. ஃப்ளோரிடால ஈட்டன்வில், 1887-லயே கறுப்பின மக்கள் தாங்களே நிர்வாகம் பண்ண ஆரம்பிச்ச ஊரு, ஹர்ஸ்டன் வளந்ததும் அங்கதான். ஜோவுக்கு உரக் கம்பெனில நைட் வேலை. சனிக்கிழமையானா வெள்ளி டாலர வாசல்ல வீசுவான், பொண்டாட்டி மிஸ்ஸி மே ஓடியாந்து பொறுக்குவா, அது அவங்களுக்குள்ள ஒரு வெளாட்டு. தங்கக் காசு தொங்கவிட்டுக்கிட்டு ஒருத்தன் ஊருக்குள்ள வர்றான். ஒருநாள் ராத்திரி கம்பெனில ஆசிட் தீந்துபோயி ஜோ சீக்கிரமே வீட்டுக்கு வந்துடறான், உள்ள மிஸ்ஸி மேவோட அந்தத் தங்கக் காசுக்காரன். அடிதடில அந்தக் காசு ஒண்ணு ஜோ கையோட வந்துடுது, கடைசில பாத்தா அதுவும் வெறும் தங்க முலாம்.

கதைய சொல்ற குரலக் கவனிங்க. மொத வரிலயே நீக்ரோ வாசல், நீக்ரோ வீடு, நீக்ரோ குடியிருப்புன்னு மூணு தடவை வருது, ரோட்டுல போறவன் எட்டிப் பாத்து பேர் வச்ச மாதிரி. ஆனா குரல் அங்கயே நிக்கல, உள்ள போயிடுது. நடைபாதை ரெண்டு பக்கமும் கழுத்தக் கீழ வச்சு மண்ணுல பொதைச்ச பாட்டிலு, கழுவிவிட்டு காயற தரை, வாசல் மண்ணுல கோடு கோடா டிசைன் வர்ற மாதிரி வாரிவிட்டிருக்கிறது. எங்க அப்பாயி ஈர்க்குமாத்தால காலனி வாசல அப்படித்தான் கூட்டும், கோடு கலையாம பின்னாலயே நடந்து வரும். அதுக்கப்புறம் கதை பூரா அவங்க ரெண்டு பேரு மனசுதான், பேசறதும் அவங்க ஊருப் பேச்சுதான், மிஸ்ஸி மேவ ஒரு எடத்துல கூட அந்தக் குரல் திட்டல.

ஜோ அந்த ராத்திரி அவங்களப் பாத்துட்டு என்ன பண்றான் தெரியுமா, வாயத் தொறந்து சிரிக்கிறான். அழுவ முடியாம வர்ற சிரிப்பு அது. மாசக்கணக்கா பேச்சு கொறஞ்சு, புள்ள பொறந்து, அது ஜோ ஜாடைன்னு அவன் அம்மா சொல்லி, மனசு எறங்கி அவன் ஆர்லாண்டோ கடைக்குப் போறான். அதே முலாம் காசக் குடுத்து மிட்டாய் வாங்குறான், அந்தக் காசு கதையையும் சிரிச்சுக்கிட்டே சொல்றான், அவன் போனதும் வெள்ளக்கார கடைக்காரன் அடுத்தவன்கிட்ட, இந்தக் கறுப்பனுங்க மாதிரி இருந்தா தேவலாம், எப்பவும் சிரிப்பு, எதுக்கும் கவலையில்லங்கறான். குரல் அவனுக்கு ஒத்த வார்த்தை பதில் சொல்லல. சொல்ல வேண்டியதில்ல தம்பி, ஜோவோட சிரிப்பு எங்கேர்ந்து வருதுன்னு இவ்ளோ நேரம் நமக்குக் காட்டியாச்சே. துரோகம் வீட்டுக்குள்ள நடந்தது, ரெண்டு பேரும் பட்டு மீண்டாங்க. அப்படி ஒரு வாழ்க்கை இவங்களுக்கு இருக்கும்னே கடைக்காரனுக்குத் தோணல பாருங்க, இனம் அங்கதான் வருது, அதுவும் கதை முடியப் போற நேரத்துல ரெண்டு மூணு வரில.

எனக்கு இது ஏன் இவ்ளோ வலிக்குதுன்னா, ஒரு வருஷம் சம்பா மூழ்கி அழுகிப்போயி மறுநடவு பண்ணோம். அக்கா காதுத் தோட்ட அடகு வச்ச காசுல யூரியா வாங்க அப்பா என்னையும் சைக்கிள்ல ஒக்கார வச்சு கூட்டிட்டுப் போனாரு. மூட்டைய கேரியர்ல வச்சுக் கட்டும்போது கடைக்காரர் எதோ கேக்க அப்பா சிரிச்சாரு. "ஒங்க தெரு ஆளுங்களுக்கு என்னப்பா கவலை, கூலிய வாங்குனமா சிரிச்சமா"ன்னாரு அவரு. அப்பா அதுக்கும் சிரிச்சாரு. வாய்க்கா மதகு வந்ததும் சைக்கிள நிறுத்திட்டு எறங்கி தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னாரு, ரொம்ப நேரம், நான் மூட்டை சாஞ்சிடாம புடிச்சுக்கிட்டு நின்னேன்.